தீத்தடுப்புத் துணியும் பொது நிறுவனங்களின் பொறுப்பும்

பொது நிறுவனங்கள் துணி வாங்கும்பொழுது அதன் நிறம், அகலம், நூலின் எண், விலை ஆகியவற்றைக் குறித்து வைப்பது வழக்கம். அத்துணி எவ்வளவு எளிதில் தீப்பற்றும், பற்றிய தீ எவ்வளவு விரைவில் பரவும், எத்தனை சலவைக்குப் பின் அதன் தீத்தடுப்புக் குணம் நீங்கும் என்னும் மூன்று வினாக்களும் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. மருத்துவமனையின் படுக்கைத் திரை, மாணவர் விடுதியின் மெத்தை, பள்ளி அரங்கின் முன்திரை, ஆண்டு விழாப் பந்தல், உலைக்களத் தொழிலாளியின் மேலங்கி, மதிய உணவுக் கூடத்துச் சமையற்பணியாளரின் ஆடை ஆகிய யாவும் இவ்வகையில் ஒன்றே. இவ்வினாக்களைக் கேட்கும் பழக்கம் ஏற்பட வேண்டும் என்பதும், அதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை என்பதுமே இங்கு வலியுறுத்தப்படும் கருத்தாகும்.

1995ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், ஹரியானா மாநிலம் சிர்சா மாவட்டத்திலுள்ள டப்வாலி நகரில், பள்ளி ஒன்றின் ஆண்டு விழா நடந்துகொண்டிருந்தது. விழாவிற்காக அமைக்கப்பட்டிருந்த பந்தலின் செயற்கை இழைத் துணி தீப்பற்றியது. சில நிமிடங்களில் கூரை முழுவதும் எரிந்து, உருகிய துணி கீழே அமர்ந்திருந்தோர்மீது வீழ்ந்தது. 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவருள் பெரும்பாலோர் குழந்தைகளும் பெண்களும் ஆவர். 1997ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தஞ்சைப் பெரிய கோயிலின் குடமுழுக்கு விழாவில் யாகசாலைப் பந்தல் எரிந்தபோது 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில், பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. 2006ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் மீரட் நகரில், பொருட்காட்சி ஒன்றிற்காக எழுப்பப்பட்ட கூடாரங்கள் எரிந்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இவற்றுள் சில துணியால் நேர்ந்தவை; சில ஓலையால் நேர்ந்தவை. ஆயினும் அனைத்திற்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. மக்கள் திரளும் இடத்தில், தலைக்கு மேல், எளிதில் எரியும் பொருள் ஒன்று விரிக்கப்பட்டிருந்தது. தீ தோன்றுவதற்கும் மக்கள் வெளியேறுவதற்கும் இடையே போதிய நேரம் கிடைக்கவில்லை. தீத்தடுப்புத் துணியின் பயன் யாது என்பதை இதிலிருந்தே அறியலாம். அது தீயை ஒழிக்கும் மாயப் பொருளன்று; தப்பிச் செல்வதற்குரிய சில விநாடிகளையும் சில நிமிடங்களையும் மனிதனுக்கு ஈட்டித் தரும் பொருளாகும்.

பழைய முயற்சி

இம்முயற்சி புதியதன்று. 1735ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஒபதையா வைல்டு என்பவர், படிகாரம், வெங்காரம், அன்னபேதி ஆகியவற்றைக் கொண்டு துணியையும் காகிதத்தையும் எளிதில் எரியாதபடி செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1810ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் பாரிஸ் நகரில், நெப்போலியனின் திருமணத்தை ஒட்டி ஆஸ்திரியத் தூதர் அளித்த விருந்தின்போது, அதற்கெனக் கட்டப்பட்ட தற்காலிக நடன மண்டபத்தின் திரைச்சீலையில் மெழுகுவர்த்தியின் சுடர் பட்டது. மண்டபம் முழுவதும் எரிந்தது. அதன் மறு ஆண்டே அந்நகரின் தீயணைப்புப் படை இராணுவ முறையில் திருத்தி அமைக்கப்பட்டது. பின்னர், பதினெட்டாம் லூயி மன்னரின் வேண்டுகோளின்படி, நாடக அரங்குகளின் திரைகளைக் காக்கும் வழியை ஆராய்ந்த வேதியியலறிஞர் கே-லூசாக், அமோனியம் பாஸ்பேட், நவச்சாரம், வெங்காரம் ஆகிய உப்புகளின் பயனை 1821இல் வெளியிட்டார். பாரிஸ் மண்டபத்திற்கும் டப்வாலிப் பந்தலுக்கும் இடையே 185 ஆண்டுகள் கடந்துள்ளன. இரண்டிலும் தற்காலிகக் கட்டடம், தொங்கும் துணி, விழாக் கூட்டம் ஆகிய மூன்றும் அமைந்திருந்தன. இடைப்பட்ட காலத்தில் அறிவு வளர்ந்தது. அவ்வறிவு பந்தல் போடுபவரின் கைக்குச் சென்று சேரவில்லை.

துணி எரியும் முறை

துணி நேரே எரிவதாகத் தோன்றினும், உண்மையில் எரிவது அதிலிருந்து வெளிப்படும் ஆவியே. பருத்தித் துணி ஏறத்தாழ 350 பாகை செல்சியஸ் வெப்பத்தை அடையும்போது சிதைந்து, எரியத்தக்க ஆவிகளை வெளியிடுகிறது. அவ்வாவிகள் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கலந்து சுடராகின்றன. சுடரின் வெப்பம் மீண்டும் துணியைத் தாக்கி மேலும் ஆவியை உண்டாக்குகிறது. இச்சுழற்சியை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தால் தீ நின்றுவிடும். பாஸ்பரஸ் சேர்ந்த பொருள்கள் வெப்பத்தில் அமிலமாக மாறிப் பருத்தியின் நீர்க்கூற்றை வெளியேற்றுகின்றன. எரியும் ஆவியாக வேண்டிய பொருள் கரியாகத் தங்கிவிடுகிறது. வெங்காரமும் போரிக் அமிலமும் உருகிக் கண்ணாடி போன்ற படலமாக இழையை மூடுகின்றன. புரோமின், குளோரின் சேர்ந்த பொருள்கள் ஆவி நிலையிலேயே சுடரின் தொடர்வினையைத் தடுக்கின்றன.

ஒரு பொருள் எரிவதற்கு எத்தனை விழுக்காடு பிராணவாயு தேவை என்பதை அளந்து, அதனை ‘எல்லைப் பிராணவாயு எண்’ என்பர். காற்றிலுள்ள பிராணவாயு 21 விழுக்காடாகும். பருத்தியின் எண் ஏறத்தாழ 18. பாலியெஸ்டரின் எண் 20 அல்லது 21. கம்பளியின் எண் 25. அராமிட் என்னும் செயற்கை இழையின் எண் 28க்கு மேற்பட்டது. கம்பளி எளிதில் சுடர்விட்டு எரியாமைக்கும், ஆடையில் தீப்பிடித்தவரைக் கம்பளிப் போர்வையால் மூடும் பழைய வழக்கத்திற்கும் காரணம் இவ்வெண்ணிலிருந்து விளங்கும்.

இங்கே களப்பணியாளர் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த டெரிகாட்டன் துணி, மலிவும் உழைப்பும் கருதிச் சீருடைகளுக்குப் பரவலாகப் பயன்படுகிறது. தனிப் பாலியெஸ்டர் சூடேறும்போது உருகிச் சுருங்கித் தீயினின்றும் விலகக் கூடும். பருத்தியுடன் கலந்தபோதோ, பருத்தியின் கரி நிமிர்ந்து நின்று உருகிய பாலியெஸ்டரைத் தாங்குகிறது. விளக்குத் திரி எண்ணெயைத் தாங்குவது போன்றதே இது. ஆதலின் கலப்புத் துணி, தன் இரு கூறுகளில் எதனையும்விடக் கடுமையாக எரிய வல்லது. உருகிய பகுதி தோலில் ஒட்டி ஆழ்ந்த புண்ணை உண்டாக்கும். நெருப்பின் அருகே வேலை செய்வோர்க்குச் சாதாரண டெரிகாட்டன் சீருடை வழங்குவது சிக்கனமன்று. அத்தகையோர்க்குத் தீத்தடுப்பு ஆடை கிடைக்காத நிலையில், கனமான தனிப் பருத்தி ஆடையே மேலானது.

மூவகைத் துணிகள்

தீத்தடுப்புத் துணிகளை மூவகையாகப் பிரித்துக் கொள்ளலாம். முதல் வகை, நீரில் கரையும் உப்புகளில் நனைத்து உலர்த்தியது. இது மலிவானது, ஆனால் ஒரு மழையிலோ ஒரு சலவையிலோ அதன் காப்பு கரைந்து போகும். இரண்டாம் வகை, இழையினுள்ளேயே பாஸ்பரஸ் சேர்மத்தைப் பிணைத்த பருத்தி. புரோபன், பைரோவாடெக்ஸ் என்னும் பெயர்களால் வழங்கும் முறைகள் இவ்வகையின. முறையாகச் செய்யப்பட்டால் 50 சலவைகளுக்குப் பின்னும் இவற்றின் காப்பு நிலைக்கும். மூன்றாம் வகை, இழையின் அமைப்பிலேயே தீயை எதிர்க்கும் குணம் கொண்டது. 1960களில் வணிகத்திற்கு வந்த நோமெக்ஸ் என்னும் அராமிட் இழை இதற்கு எடுத்துக்காட்டாகும். அது உருகுவதில்லை, கரியாகித் தடித்துத் தோலுக்கும் தீக்கும் இடையே அரணாகிறது. சலவையால் அதன் குணம் நீங்குவதில்லை. விலையோ மிக அதிகம்.

இம்மூன்றனையும் ‘தீப்பற்றாத துணி’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பதே குழப்பத்திற்கு மூலமாகும். ஒப்பந்தப்புள்ளியில் அச்சொல் மட்டும் இருந்தால், மிகக் குறைந்த விலை கூறுபவர் முதல் வகையைக் கொடுத்துவிடுவார். அவர் பொய் சொன்னதாகவும் கொள்ள முடியாது, கேட்டது கிடைத்தது. வாங்கிய நாளில் சோதனையில் தேறிய திரை, மூன்றாம் சலவைக்குப் பின் சாதாரணப் பருத்தியாகிவிடும். ஆனால் பதிவேட்டில் அது தீத்தடுப்புத் திரையாகவே இருக்கும். காப்பு இல்லை என்று அறிந்தவர் எச்சரிக்கையாக இருப்பார். காப்பு உண்டென்று தவறாக நம்புபவர் எச்சரிக்கையையும் இழப்பார். ஆதலின் சலவை எண்ணிக்கை குறிப்பிடப்படாத தீத்தடுப்புத் துணியை வாங்காதிருப்பதே நன்று.

சலவை முறையும் இதனோடு சேர்ந்த பொருளாகும். உப்புநீரில் சோப்பிட்டுத் துவைத்தால், சுண்ணாம்பும் சோப்பின் கொழுப்பும் சேர்ந்த படிவு இழையில் தங்குகிறது. அப்படிவு எரியும் தன்மையது. வெளுப்புத்தூள், இரண்டாம் வகைத் துணியின் காப்பைச் சிதைக்கும். கஞ்சி போடுவது மிடுக்காகத் தோன்றினும், கஞ்சியின் மாவுப்பொருள் தீக்கு இரையேயாகும். எண்ணெயும் கிரீசும் படிந்த மேலங்கி, எவ்வளவு உயர்ந்த இழையால் நெய்யப்பட்டிருப்பினும் எரியும். விலை கொடுத்து வாங்கிய காப்பைச் சலவைத் துறையில் இழக்கும் நிலை இவ்வாறு ஏற்படுகிறது. ஆகவே துணியோடு சலவைக் குறிப்பையும் கேட்டுப் பெற்று, அதனைத் துவைப்பவரிடம் அவர் மொழியில் விளக்கிக் கூறுவது அலுவலரின் கடமை.

காப்பே கேடாதல்

எல்லாத் துணிகளுக்கும் தீத்தடுப்பு செய்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். இதற்கு அமெரிக்க நாட்டின் அனுபவமே விடை. அங்கு 1970களின் தொடக்கத்தில் குழந்தைகளின் இரவு ஆடைகளுக்குத் தீத்தடுப்பு விதிகள் கொண்டுவரப்பட்டன. அவற்றை நிறைவேற்றும் பொருட்டு டிரிஸ் என்னும் புரோமின் சேர்மம் ஆடைகளில் மிகுதியாகச் சேர்க்கப்பட்டது. 1977இல் ஆர்லின் புளம், புரூஸ் ஏம்ஸ் என்னும் அறிஞர்கள், அச்சேர்மம் உயிரணுக்களின் மரபுப் பொருளை மாற்றவல்லது என்று எடுத்துக்காட்டினர். அவ்வாண்டே அது குழந்தைகளின் ஆடைகளில் தடை செய்யப்பட்டது. தீயிலிருந்து காக்க முனைந்த ஆடை, வேறொரு தீங்கை நாள்தோறும் குழந்தையின் உடலில் சேர்த்துக்கொண்டிருந்தது.

பிற்காலத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. புரோமின் சேர்ந்த தீத்தடுப்புப் பொருள்கள் சில, மண்ணிலும் நீரிலும் சிதையாது தங்கி உயிர்களின் உடலில் சேர்கின்றன என்று அறியப்பட்டு, 2009 முதல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் ஏற்றப்பட்டன. திரைச்சீலை, இருக்கைத் துணி முதலியவற்றின் பின்பூச்சில் பயன்பட்டு வந்த டெகாபுரோமோடைபீனைல் ஈதர் 2017இல் அப்பட்டியலில் சேர்ந்தது. இந்தியா இவ்வுடன்படிக்கையை 2006இல் ஏற்ற நாடாகும். தீக்குச் சிறிதும் அஞ்சாத அஸ்பெஸ்டாஸ், கையுறையாகவும் திரையாகவும் பள்ளி ஆய்வுக்கூடத்துக் கம்பிவலையாகவும் பயன்பட்டதை மூத்த ஆசிரியர் பலர் அறிவர். அதன் நுண்துகள் நுரையீரலுக்குக் கொடிய நோயை விளைவிப்பது என்பதும் இன்று ஐயமற்ற உண்மை.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிபு, தீத்தடுப்பைக் கைவிட வேண்டும் என்பதன்று. தேவையுள்ள இடத்தில் மட்டும், தேவையான அளவு, அறிந்த பொருளைக் கொண்டு செய்ய வேண்டும் என்பதே. அவ்வாறு வரையறுத்தால் செலவும் தானாகவே குறையும். முதலிடம், தொழிலின் காரணமாகத் தீயின் முன் நிற்போர்க்கு உரியது. தீயணைப்பு வீரர், உலைக்களத் தொழிலாளர், எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையப் பணியாளர், மின்பொறி வெடிப்புக்கு ஆளாகக் கூடிய மின்வாரியப் பணியாளர் ஆகியோர் இவ்வகையினர். இரண்டாமிடம், விரைந்து வெளியேற இயலாதவர் உறையும் இடங்களுக்கும், மக்கள் திரளும் இடங்களுக்கும் உரியது. மருத்துவமனை, விடுதி, முதியோர் இல்லம், அரங்கு, பந்தல், இரயில் வண்டி ஆகியன இதில் அடங்கும். ஏனைய இடங்களில் பருத்தித் துணியும், சுடரிலிருந்து துணியை விலக்கி வைக்கும் ஒழுங்குமே போதுமானவை. தேவையற்ற திரையைத் தொங்கவிடாதிருப்பது எல்லாவற்றிலும் மலிவான தீத்தடுப்பாகும்.

நம் நாட்டின் வெப்பநிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கோடையில் 40 பாகையைத் தாண்டும் ஊர்களில், குளிர் நாட்டுக்கென வடிக்கப்பட்ட கனத்த உடையைத் தொழிலாளி நாள் முழுவதும் அணிய மாட்டார். கண்காணிப்பாளர் அகன்றதும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். ஆணியில் தொங்கும் உடை யாரையும் காப்பதில்லை. அவரை ஒழுங்கற்றவர் என்று கடிந்துகொள்வதால் பயனில்லை. காற்றோட்டமும் எடைக்குறைவும் சொகுசு அல்ல, பாதுகாப்பின் பகுதியே என்று கருதி, உடையைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அதனை அணியப் போகும் தொழிலாளர் ஒருவரையேனும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செய்யத்தக்கவை

வேண்டிய தரங்கள் நம் நாட்டில் ஏற்கெனவே வகுக்கப்பட்டுள்ளன. திரைச்சீலைகளுக்கு ஐ.எஸ். 15741, வீடல்லாத இடங்களில் பயன்படும் மெத்தையிட்ட இருக்கைகளுக்கு ஐ.எஸ். 15768, தீப்பரவலைத் தடுக்கும் உடைகளுக்கு ஐ.எஸ். 15742, வெப்பத்திற்கு ஆளாகும் தொழிலாளரின் உடைகளுக்கு ஐ.எஸ். 15748 என இந்தியத் தர நிர்ணய அமைவனம் தரங்களை வெளியிட்டுள்ளது. பந்தல்களுக்கும் தற்காலிகக் கட்டடங்களுக்கும் உரிய தீ முன்னெச்சரிக்கைகளை ஐ.எஸ். 8758 கூறுகிறது. ஜவுளி ஆராய்ச்சிக்கென அமைந்த சங்கங்களுள், காஜியாபாத்திலுள்ள வட இந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் பாதுகாப்பு ஜவுளிகளுக்கான சிறப்பு மையமாகப் பணியாற்றுகிறது. எனவே, தரமில்லை, சோதனைக்கு இடமில்லை என்னும் சாக்குகள் பொருந்தா.

கொள்முதல் செய்யும் அலுவலர் நான்கு வினாக்களை எழுத்தில் கேட்டு, எழுத்தில் விடை பெற வேண்டும். துணி எந்தத் தரத்தின்படி, எந்தச் சோதனைச்சாலையில் தேறியது? சோதனை எத்தனை சலவைக்குப் பின் செய்யப்பட்டது? காப்பு எந்த இரசாயனப் பொருளால் ஏற்பட்டது? எவ்வாறு துவைக்க வேண்டும், எப்பொழுது கழித்துவிட வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடையளிக்க இயலாத விற்பனையாளரிடம் விலை குறைவாயினும் வாங்கலாகாது. வாங்கிய நாளையும் சலவை எண்ணிக்கையையும் துணியின் ஓரத்திலேயே அழியாத மையால் குறித்து வருவது எளிய செயல். அதனைச் செய்யும் நிறுவனத்தில், காப்பிழந்த துணி காப்புள்ளதாக மயங்கி நிற்காது.

பந்தல் அமைக்கும் பொறுப்பு ஆசிரியர்களிடமே வந்து சேர்வது பள்ளிகளில் இயல்பு. அவர்கள் செயற்கை இழைத் துணியையும் நைலான் கயிற்றையும் மறுத்துப் பருத்தித் துணியையே கேட்க வேண்டும். மின்கம்பியின் கீழ்ப் பந்தல் கூடாது. சூடேறும் விளக்குகள் துணியைத் தொடலாகாது. வெளியேறும் வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டனவாகவும், விழா முடியும்வரை திறந்தனவாகவும் இருக்க வேண்டும். மழையில் நனையாத, அடிக்கடி துவைக்கப்படாத பருத்தித் திரைகளுக்கு ஓர் எளிய முறை உண்டு. ஏறத்தாழ 2 லிட்டர் வெந்நீரில் 200 கிராம் வெங்காரமும் 85 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, அதில் துணியை நன்றாக நனைத்துப் பிழிந்து உலர்த்தலாம். கையுறை அணிந்து, பெரியவர்களே இதனைச் செய்ய வேண்டும்; இப்பொருள்கள் உண்டால் நஞ்சு. துவைத்த பின் மீண்டும் நனைத்தல் இன்றியமையாதது. செயற்கை இழைத் துணிக்கு இம்முறை பயன்படாது. துணியில் பறிக்கப்பட்ட சிறு நாடா ஒன்றைத் திறந்த வெளியில், இடுக்கியால் பிடித்து, அருகே நீர் வைத்துக்கொண்டு கொளுத்திப் பார்த்தால், காப்பு ஏறியுள்ளதா என்பது விளங்கும்.

சமையற்கூடப் பணியாளர்களை மறத்தலாகாது. பள்ளிகளில் மதிய உணவு சமைப்போருள் பெரும்பாலோர் பெண்கள். செயற்கை இழைப் புடவையின் முந்தானை பெரிய அடுப்பின் சுடருக்கு மிக அருகே அசைகிறது. அவர்களுக்குத் தலைக்கு இரண்டு கனத்த பருத்தி மேலங்கிகளும், கூடத்தில் ஒரு கம்பளிப் போர்வையும், நிரம்பிய நீர்த்தொட்டியும் அளிப்பது எந்த நிர்வாகத்திற்கும் தாங்க முடியாத செலவன்று. நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு உணவிடுபவர்க்கு இக்காப்பு கிடைக்காதது பணத்தின் குறையால் அன்று, எவரும் கேட்காமையால்தான். ஆய்வுக்கூடத்திலும் சாராய விளக்கின் அருகே நிற்கும் மாணவர்க்குத் தளர்ந்த நைலான் ஆடை ஆகாது.

1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில், வெடிமருந்தையும் பஞ்சுப் பொதிகளையும் ஒருங்கே ஏற்றிவந்த ‘போர்ட் ஸ்டிகின்’ என்னும் கப்பல் தீப்பற்றி வெடித்தது. தீயை அணைக்கச் சென்ற வீரர் பலர் உயிர் நீத்தனர். அவர் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புப் பணி வாரம் கொண்டாடப்படுகிறது. அவ்வாரத்தில் உரைகளும் ஒத்திகைகளும் நடைபெறுகின்றன. அவற்றோடு, ஒவ்வொரு பள்ளியும் விடுதியும் மருத்துவமனையும் தன்னிடமுள்ள திரை, மெத்தை, சீருடை ஆகியவற்றை எடுத்து வைத்து, எது காப்புள்ளது, எது காப்பிழந்தது, எது கழிக்கத்தக்கது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதும் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதற்குத் தனி நிதி வேண்டா. அரைநாள் உழைப்பும் ஒரு பதிவேடும் போதும். அடுத்த கொள்முதலுக்குரிய விவரக்குறிப்பை அப்பதிவேட்டைப் பார்த்தே எழுதலாம்.